சூடேறினால் ஸ்டார்ட் ஆகாத பழைய லாரி: புளியரை மேட்டில் நின்று பார்க்க வேண்டியவை

பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு கருக்கலில் கிளம்புகிற வண்டி. அப்போது சாவியைத் தொட்டாலே எஞ்சின் எடுத்துவிடும். செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறி, கேரள எல்லையான கோட்டைவாசல் கடந்து ஆரியங்காவில் டீக்கு நிறுத்துவார்கள். கால் மணி நேரம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் எடுக்காது. டிரைவர் இறங்கி எஞ்சினை எட்டிப் பார்த்து, நாலு பேருக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சும்மா ஒருதரம் திருப்புவார். ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்துக்கொள்ளும். புனலூரில் லோடு இறக்கிவிட்டுச் சாயங்காலம் என் பட்டறைக்கு வருவார். அங்கேயும் எடுக்கும். "காலையில என் மானத்தை வாங்கிட்டு அண்ணாச்சி, இப்ப பாருங்க, எப்படி எடுக்குன்னு!"

இந்தக் கோளாறுக்குக் குணமே அதுதான். ஒர்க்‌ஷாப் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். ஆறின வண்டியில் மெக்கானிக் எதைப் பார்த்தாலும் நல்லாத்தான் இருக்கும். அதனால் அவர் ஊகத்தில் பேட்டரி மாற்றுவார், செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டார்) மாற்றுவார், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற மூக்கு) கழற்றுவார். பில் ஏறும், கோளாறு அப்படியே இருக்கும். இதற்கு மருந்து ஒன்றுதான்: எங்கே நின்றதோ அங்கேயே, சூடு ஆறுவதற்குள், டிரைவரே பார்க்க வேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். பழைய டீசல் வண்டிகளுக்கு மட்டும். கம்ப்யூட்டர் வைத்த காமன் ரெயில் வண்டிக்கு வழியே வேறு.

டீ குடிக்கிற நேரத்தில் என்ன நடக்கிறது

எஞ்சின் ஓடும்போது விசிறி காற்றடிக்கிறது, தண்ணீர் சுற்றுகிறது. நிறுத்தினதும் இரண்டும் நின்றுபோகும். பிளாக்கிலும் ஹெட்டிலும் சைலன்சர் மேனிஃபோல்டிலும் தேங்கின சூடு போக இடமில்லாமல், பக்கத்தில் இருக்கிற டீசல் பம்பிலும் செல்ஃப் மோட்டாரிலும் இறங்கும். ஆக, வண்டியை நிறுத்தின நிமிசத்தைவிட அதற்குப் பிறகு வருகிற பத்திருபது நிமிசத்தில்தான் இவை கூடுதலாகச் சுடும். நிறுத்தின உடனே திருப்பினால் எடுக்கிற வண்டி, டீ குடித்துவிட்டு வந்தால் எடுக்காமல் போவது இதனால்தான். "இப்பத்தானே ஓடிச்சு, அதுக்குள்ள என்ன ஆயிரும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கையில் என்ன வேண்டும்? ஒரு சாதாரண மல்டிமீட்டர், நாலைந்து ஸ்பேனர், ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு முழம் கண்ணாடி டியூப் (உள்ளே ஓடுவது தெரிகிற ரகம்), ஒரு பழைய சாக்கு, இரண்டு பாட்டில் தண்ணீர். இதற்கு மேல் ரோட்டோரத்தில் எதுவும் தேவைப்பட்டதில்லை.

தொடங்குமுன் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், நடுவில் ஒரு நிமிசம் விடுங்கள். இல்லையென்றால் நீங்கள் தேடுகிற கோளாறோடு புதிதாய் இன்னொன்று சேரும்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எடுக்கவில்லை என்றதும் "இறக்கம்தானே, உருட்டி எடுத்துரலாம்" என்று கட்டையை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கோட்டைவாசலில் இருந்து புளியரைப் பக்கமும் இறக்கம், தென்மலைப் பக்கமும் இறக்கம். ஏர் பிரேக் வண்டியில் எஞ்சின் ஓடாவிட்டால் காற்று ஏறாது. டேங்கில் இருக்கிற காற்று மிதிக்க மிதிக்கத் தீர்ந்துவிடும். எஞ்சின் எடுக்காமல் போனால் எஸ் வளைவில் உங்கள் கையில் ஸ்டியரிங் மட்டும்தான் மிஞ்சும். பவர் ஸ்டியரிங் என்றால் அதுவும் கல்லாய் இறுகியிருக்கும். மலைப்பாதையில் உருட்டாதீர்கள்.

முதலில் காது, பிறகு கண்

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள். அதே நேரம் கிளீனரை சைலன்சர் பக்கம் நிறுத்தி, புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம் என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். எஞ்சின் மெதுவாய்ச் சுற்றினால் கரன்ட் பக்கம் போக வேண்டும். வேகமாய்ச் சுற்றியும் எடுக்காவிட்டால் டீசல் பக்கம். வேகமாய்ச் சுற்றும்போது புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இதைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்கிறவன் இருட்டில் துழாவுகிறான்.

மெதுவாய்ச் சுற்றுகிறது, இழுத்து இழுத்து நிற்கிறது

ஒரு விசயத்தை மனதில் வையுங்கள். நல்ல எஞ்சின் காலைக் குளிரில் சுற்றுவதைவிட, சூட்டில் லேசாகச் சுற்ற வேண்டும். ஆயில் இளகியிருக்கும் அல்லவா? அதற்கு மாறாக, காலையில் விறுவிறுவென்றும் சூட்டில் மந்தமாகவும் சுற்றினால், ஒன்று கரன்ட் முழுசாய்ப் போய்ச் சேரவில்லை, அல்லது எதுவோ உள்ளே உரசுகிறது.

மீட்டரை பேட்டரியின் இரண்டு கொம்பிலும் வையுங்கள். 12 வோல்ட் வண்டியில் சும்மா இருக்கும்போது 12.6 பக்கம் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் குடிக்கிறது. இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் வண்டியில் 19-க்குக் கீழே இறங்கக் கூடாது. அங்கே இரண்டு பேட்டரியையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்று நன்றாயிருந்து இன்னொன்று செத்திருப்பது சகஜம்.

பேட்டரி விழவில்லை, ஆனாலும் செல்ஃப் மந்தம் என்றால் நடுவழியில் கரன்ட் தொலைகிறது. அதைக் கண்டுபிடிக்கிற சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பத்து டிரைவரில் ஒன்பது பேர் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. ஸ்டாப் கேபிளை (எஞ்சினை நிறுத்த இழுக்கிற கேபிள்) இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், எஞ்சின் எடுத்துவிடக் கூடாது. மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் கொம்பில் வையுங்கள். கிளாம்பில் வேண்டாம், ஈயக் கொம்பிலேயே. கறுப்பு முனையை செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டில் வையுங்கள். கிளீனரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் காட்டுவது, அந்த கேபிள் வழியில் தின்னப்படுகிற வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ, கட் ஆஃப் சுவிட்சோ, டெர்மினலோ குற்றவாளி. அடுத்து சிவப்பை செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் கறுப்பை பேட்டரியின் மைனஸ் கொம்பிலும் வைத்து அதே மாதிரி அடியுங்கள். இது எர்த் வழி. 0.3-க்கு மேல் வரக் கூடாது. 24 வோல்ட் வண்டியில் இரண்டு கணக்கும் சற்றுக் கூடலாம்.

எர்த் வழியைப் பற்றி எனக்குத் தனி வருத்தம் உண்டு. பட்டறை போடுமுன் பதினோரு வருசம் நானே லாரி ஓட்டினவன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருமுன் ஆரியங்காவு வரிச் சாவடியில் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். வரிசை பத்தடி நகரும், நிறுத்து. இன்னும் பத்தடி, நிறுத்து. மேடேறின சூட்டோடு ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை ஸ்டார்ட் செய்ய வேண்டும். என் டாடா 1210 லாரி மூன்றாவது தடவையிலேயே "ஊம்... ஊம்..." என்று படுத்துவிடும். பின்னால் நிற்கிறவன் ஹாரனை அழுத்த, முன்னால் நிற்கிறவன் இறங்கி வந்து தள்ள, அது பெரிய கூத்து. ஓர் ஒர்க்‌ஷாப்பில் புது பேட்டரி போட்டார்கள். செல்ஃபைக் கழற்றி காயில் கட்டினார்கள். பணம் போனது, படுப்பது நிற்கவில்லை. கடைசியில் எஞ்சினுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு சாண் நீளத்தில் தொங்குகிற பின்னல் பட்டைதான் காரணம் என்று தெரிந்தது. மேலே பார்க்க முழுசாய் இருந்தது. கையில் எடுத்து மடக்கினேன், போல்ட் மாட்டுகிற இடத்தில் பச்சைப் பொடியாய் உதிர்ந்தது. பாதி இழை உள்ளே அறுந்து, பூத்துப் போயிருந்தது. காலையில் மிச்ச இழை தாங்கும். சூட்டில் அடுத்தடுத்து செல்ஃப் அடிக்கும்போது தாங்காது. புதுப் பட்டை போட்டு, சேஸில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய முறுக்கினேன். அதோடு சரி.

வழியெல்லாம் சுத்தம் என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான். செம்பின் குணம், 80 டிகிரி சூடு ஏறினால் அதன் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். நல்ல மோட்டார் இதைத் தாங்கும். தேய்ந்த மோட்டார் தாங்காது. புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றுகிற பாகம்) ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உள்ளே உரசும். கழற்றினதும் ஆர்மேச்சரின் இரும்பு முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் புஷ் போய்விட்டது. கார்பன் குட்டையாகி ஸ்பிரிங் அழுத்தம் இல்லாமல் போயிருக்கலாம். சைலன்சர் மேனிஃபோல்டுக்கு நேர் கீழே மோட்டார் இருக்கிற வண்டிகளில் நடுவே ஒரு தகரத் தடுப்பு வரும். "இது எதுக்கு, கழட்டுறதுக்கு இடைஞ்சல்" என்று தூக்கி எறிந்திருப்பார்கள். நாலு போல்ட்டில் நிற்கிற அந்தத் தகரத்தைத் திரும்பப் போட்டே இரண்டு வண்டி என்னிடம் சரியாகியிருக்கிறது.

சமீபத்தில் போர் செய்த (சிலிண்டரைக் கடைந்த) எஞ்சின் என்றால் இன்னொரு சந்தேகம் உண்டு. பிஸ்டனுக்கு இடைவெளி குறைவாய் விட்டிருந்தால் சூட்டில் விரிந்து பிடிக்கும். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆறின பிறகும் அதே மாதிரி சுற்றுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். அது போர் செய்தவரிடம் போய்ப் பேச வேண்டிய சமாச்சாரம்.

"டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி

மோட்டார் சுற்றவே இல்லை, சொலினாய்டு (செல்ஃபோடு சேர்ந்திருக்கிற மின்காந்தச் சுவிட்ச்) மட்டும் தட்டுகிறது. மெல்லிய வயர் வந்து சேர்கிற முனையில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்புங்கள். பேட்டரி வோல்ட்டில் இருந்து ஒன்றுக்கு மேல் குறைந்தால் சாவி சுவிட்சும் அந்த நீள வயரும் காரணம். இருபது, முப்பது வருச வண்டியில் டேஷ்போர்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் கரன்ட் களைத்துவிடுகிறது. சூடான சொலினாய்டு காயிலுக்கு அந்தக் குறைந்த வோல்ட் போதாது. தனியாக ஒரு ரிலே வைத்து பேட்டரியில் இருந்து நேரே கொடுத்தால் தீரும்.

வோல்ட் முழுசாய் வந்தும் "டக்" மட்டுமே என்றால், சொலினாய்டுக்குள் இருக்கிற செம்புத் தட்டு கருகியிருக்கும். அதைத் திருப்பிப் போட்டு ஓட்டலாம், மாற்றுவது நல்லது. ஸ்பேனரைக் குறுக்கே வைத்து ஷார்ட் அடிக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. கியரில் நின்ற வண்டி ஒன்று அப்படி அடிக்கும்போது ஒரு முழம் முன்னால் துள்ளினதைப் பார்த்த நாளோடு விட்டுவிட்டேன்.

வேகமாய்ச் சுற்றுகிறது, புகையே இல்லை

இதுதான் இந்தப் பாதையில் அதிகம் வருகிற புகார்.

முதலில் ஸ்டாப் பக்கம் பாருங்கள். கேபிள் வண்டி என்றால் பம்பில் இருக்கிற ஸ்டாப் லீவர் முழுசாய்த் திரும்பி வந்திருக்கிறதா? உறைக்குள் அழுக்கேறி இறுகின கேபிள் பாதியில் நிற்கும். சாவியால் நிற்கிற வண்டி என்றால் பம்பின் தலையில் ஒரு சின்ன சொலினாய்டு இருக்கும். சாவியை ஆன் செய்யும்போது அதில் "டிக்" என்று கேட்க வேண்டும். சூட்டில் அதன் காயில் உள்ளே விட்டுப்போகிறது உண்டு; ஆறினால் தானே ஒட்டிக்கொள்ளும். டெஸ்ட் லேம்பை வையுங்கள். கரன்ட் வருகிறது, டிக் கேட்கவில்லை என்றால் அதை மாற்றுங்கள். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும்.

அடுத்து எல்லோரும் சொல்வது: "ஏர் பிடிச்சிருக்கும்." இருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஒரே அடியில் எடுக்கிறதா? எடுத்தால் ஏர் இல்லை. டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்குவதற்கு எட்டு மணி நேரம் கிடைத்தும் இறங்கவில்லை, கால் மணி நேரத்திலா இறங்கிவிடும்? இதற்கு ஒரே விதிவிலக்கு, சூட்டில் இளகி உள்தோல் பிரிகிற பழைய ரப்பர் ஹோஸ். சந்தேகம் இருந்தால் ஃபீட் பம்புக்கு (டேங்கில் இருந்து டீசலை இழுத்துத் தருகிற சின்னப் பம்பு) வருகிற லைனில் கண்ணாடி டியூபை இடையில் மாட்டுங்கள். குமிழி ஓடினால் தெரிந்துவிடும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே "எங்கேயும் ஈரமே இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். காப்பர் வாஷரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில் வருகிற வினை இது.

ஃபில்டர் மேல் இருக்கிற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி செல்ஃப் அடித்தால் டீசல் நுரையில்லாமல் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் ஃபீட் பம்பு அல்லது ஃபில்டர். கைப்பம்பை இருபது தடவை அடித்ததும் வண்டி எடுத்தால் ஃபீட் பம்பின் வால்வைப் பாருங்கள். ரிட்டர்ன் லைனில் இருக்கிற ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் பம்புக்குள் அழுத்தம் நிற்காது. சின்னப் பொருள், அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை.

இதெல்லாம் சரி, இன்னும் எடுக்கவில்லை. அப்படியானால் பம்பின் எலிமென்ட், அதாவது டீசலை அழுத்தித் தள்ளுகிற பிளஞ்சரும் அது ஓடுகிற பேரலும்.

டீசல் பம்புக்குள் பிளஞ்சரும் பேரலும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிற இடைவெளி இரண்டு முதல் நாலு மைக்ரான். தலைமயிரின் கனம் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு நெருக்கம் என்று புரியும். அங்கே வாஷர் கிடையாது, சீல் கிடையாது, டீசலின் தடிப்புதான் சீல். நம் நாட்டு டீசலுக்கு 40 டிகிரியில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை தடிப்பு இருக்க வேண்டும் என்பது விதி. 80 டிகிரிக்குப் போனால் அது பாதிக்குப் பக்கத்தில் இளகிவிடும். எலிமென்ட் தேய்ந்து இடைவெளி கொஞ்சம் கூடியிருந்தாலும், இளகின டீசல் நாசிலுக்குப் போகாமல் பக்கவாட்டில் நழுவும். எஞ்சின் ஓடும்போது பம்பு வேகமாய் அடிப்பதால் நழுவ நேரமில்லை, வண்டி இழுக்கும். ஸ்டார்ட் செய்யும்போது சுற்று நிமிசத்துக்கு நூறு, நூற்றைம்பதுதான். அந்த மெதுவில் முழுதும் நழுவிவிடும். காலையில் டீசல் தடிப்பாய் இருப்பதால் அதே தேய்ந்த பம்பு அதே வண்டியை எடுக்கிறது. ஒரே ரோட்டர் சுற்றி எல்லா சிலிண்டருக்கும் டீசல் பங்கிடுகிற ரோட்டரி பம்பில் இது சீக்கிரம் தெரியும். சிலிண்டருக்கு ஒரு எலிமென்டாய் வரிசையில் நிற்கிற லைன் பம்பின் கேம் பகுதிக்கு ஆயில் உண்டு. ரோட்டரிக்கு உள்ளே ஓடுகிற டீசலே ஆயில்.

டீசலில் மண்ணெண்ணெய் கலக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் மிச்சம் பிடித்த காசைப் பம்பு கடைக்காரர் வட்டியோடு எடுத்துக்கொள்வார். இளகின டீசலை இன்னும் இளக்குகிறீர்கள், வழவழப்பும் போகிறது.

ஈரச் சாக்கு

போன சித்திரையில் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வைக்கோல் வண்டி நின்றிருந்தது. 1904-இல் ஓடத் தொடங்கின கொல்லம் ரயில் பாதைக்குக் கட்டின பாலம் அது, ரோட்டை ஒட்டியே வரும். ஆட்கள் இறங்கி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், வண்டிக்காரத் தம்பி வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான். கடையநல்லூர்ப் பக்கம். நாலு சிலிண்டர், ரோட்டரி பம்பு.

"எவ்வளவு நேரமா நிக்கு?"

"அரை மணி நேரம் ஆச்சு அண்ணாச்சி. நல்லா சுத்துது, எடுக்க மாட்டேங்கு. ஏர்னு சொன்னாங்க, ஏரும் எடுத்துட்டேன்."

"காலையில எப்படி?"

"காலையில சாவியத் தொட்டா போதும்."

கிளீனர் பையனை சைலன்சரிடம் நிறுத்தி ஒருதரம் அடிக்கச் சொன்னேன். எஞ்சின் கலகலவென்று சுற்றியது. பையன் கையை விரித்தான், ஒரு துளிப் புகை இல்லை. ஸ்டாப் சொலினாய்டில் காதை வைத்துக்கொண்டு சாவியை ஆன் செய்யச் சொன்னேன். "டிக்." ஒரு நாசில் பைப்பின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி அடித்தோம். பீச்ச வேண்டிய இடத்தில் டீசல் அழுவது மாதிரி வழிந்தது.

எதிர்த்த டீக்கடைச் சேட்டனிடம் வெள்ளம் கேட்டேன். ஒரு குடமே கொடுத்தார். வைக்கோல் மேல் கிடந்த சாக்கை நனைத்துப் பிழிந்து பம்பைச் சுற்றிப் போர்த்தினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. இரண்டு நிமிசத்துக்கு ஒருதரம் சாக்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாய்த் தண்ணீர் விட்டோம். எட்டு நிமிசம். பம்பைத் தொட்டால் கை வைக்கிற சூட்டுக்கு வந்தது. தம்பி சாவியைத் திருப்பினான், ஒரு அடி கறுப்புப் புகையோடு எடுத்துக்கொண்டது. அவன் முகத்தில் வந்த சிரிப்பு உடனே போய்விட்டது. "அப்ப பம்பு போச்சா?" என்றான்.

போய்விட்டதுதான். பம்பை மட்டும் ஆற்றி வண்டி எடுத்தால் வேறு சாட்சி வேண்டாம்.

இந்தச் சோதனையில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, குடத்தோடு பம்பின் தலையில் கவிழ்க்காதீர்கள். வெளி உடம்பு சட்டென்று சுருங்கி, உள்ளே சூடாய் இருக்கிற ரோட்டர் பிடித்துக்கொண்டால் மொத்தப் பம்பும் காலி. சாக்குதான், மெதுவாய்த்தான். இரண்டு, ரோட்டரி பம்பில் ஸ்டாப் சொலினாய்டு பம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பம்பை ஆற்றும்போது அதுவும் ஆறிவிடும். சில நூறு ரூபாய்ச் சொலினாய்டு செய்த குற்றத்துக்குப் பம்பைப் பிரித்துப் போட்டுவிடக் கூடாது. அதனால்தான் அந்த "டிக்"கை முதலில் கேட்கச் சொன்னேன்.

பம்பு கடைக்குக் கொண்டுபோனால் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஸ்டார்டிங் வேகத்தில் ஒவ்வொரு லைனிலும் எவ்வளவு டீசல் வருகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். ஓடுகிற வேகத்து அளவை மட்டும் காட்டி "பம்பு நல்லாருக்கு" என்பார்கள். நமக்குக் கோளாறே மெதுவான சுற்றில்தான். அதுவரை வண்டி ஓடியாக வேண்டும் என்றால் ஆக்சிலேட்டரை முழுசாய் அமுக்கிக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், சாக்கைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். டேங்கைக் காலி ஆகவிடாதீர்கள். ரிட்டர்னில் திரும்புகிற சூடான டீசல் குறைந்த டேங்கைச் சீக்கிரம் சூடாக்கிவிடும்.

வெள்ளைப் புகை, உதறல், இரண்டு சிலிண்டர் மட்டும் எடுக்கிறது

டீசல் போகிறது, ஒழுங்காய் எரியவில்லை. நாசில் மூக்கு மூடாமல் சொட்டினால் நின்றிருக்கும்போது டீசல் உள்ளே இறங்கி, எடுக்கும்போது திணறி, எடுத்ததும் வெள்ளையோ கறுப்போ ஒரு மேகம் விடும். நாசிலைக் கைப்பம்பு டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பனி மாதிரி அடித்துச் சட்டென்று நிற்க வேண்டும். நுனியில் துளி தொங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

டேப்பெட்டை (வால்வுக்கு விடுகிற இடைவெளி) இறுக்கமாய் வைத்திருந்தால் சூட்டில் வால்வு நீண்டு முழுசாய் மூடாது. கம்ப்ரஷன் போகும். "சத்தம் வருது, டைட் வச்சு விடுங்க" என்று டிரைவர் கேட்டு, மெக்கானிக்கும் வைத்துக்கொடுத்த வண்டிகளில் இது வரும். அந்த வண்டிக்கு என்ன அளவு, சூட்டில் வைப்பதா ஆறினபின் வைப்பதா என்று மேனுவலில் உள்ளபடிதான் வைக்க வேண்டும். பொதுவாய்த் தேய்ந்த ரிங்கால் கம்ப்ரஷன் குறைந்த வண்டி குளிரில்தான் மோசமாய் எடுக்கும். சூட்டில் எடுக்காத வண்டிக்கு ரிங்கைக் குறை சொல்லி எஞ்சின் இறக்கச் சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

புகையில் இனிப்பு வாடை வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறைந்தால், அது ஹெட் கேஸ்கெட். நிறுத்தினபின் தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் இருப்பதால் சிலிண்டருக்குள் கசிகிறது. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் திடீரென்று சுவரில் முட்டின மாதிரி நின்றால் மேலும் அடிக்காதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள்.

ஈதர் ஸ்ப்ரே வைத்திருக்கிறவர்கள் சூடான எஞ்சினில் அதை அடிக்க வேண்டாம். பிஸ்டன் மேலே வருமுன்னே வெடிக்கும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் இன்னும் ஆபத்து.

சரி செய்தபின்

எந்த மெக்கானிக்கிடம் போனாலும் ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதிக் கொண்டுபோங்கள்: நிறுத்தி எத்தனை நிமிசத்தில் எடுக்கவில்லை, வேகமாய்ச் சுற்றியதா மெதுவாயா, புகை என்ன நிறம், டேங்கில் எவ்வளவு டீசல், எத்தனை நிமிசம் கழித்து எடுத்தது, மீட்டர் என்ன காட்டியது.

பட்டறை வாசலில் மூன்று தடவை ஸ்டார்ட் செய்து காட்டினால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், என்னிடமாக இருந்தாலும். லோடோடு மேடேறுங்கள். முன்பு நின்ற அதே டீக்கடையில் நிறுத்துங்கள். வைக்கோல் தம்பி அப்படித்தான் செய்தான். பம்பு வேலை முடிந்த மறுவாரம் ஆரியங்காவில் இருந்து போன் வந்தது. "டீ குடிச்சாச்சு அண்ணாச்சி. இருவது நிமிசம் ஆச்சு. கேளுங்க," என்று போனை எஞ்சின் பக்கம் நீட்டினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, எடுத்தது. இரண்டு சுற்று கொஞ்சம் அதிகம்தான். ஃபில்டர் எப்போது மாற்றினாய் என்று கேட்டேன்.